இடம் விட்டுப் போனாள்

1

நான் பினாங்குக் கரையில் இறங்கி இந்த மாசியோடு இருபத்தைந்து வருஷம் நிறைகிறது. அதைப் பற்றி ஏதாவது எழுதும்படி ஊரிலிருந்து நண்பர்கள் கேட்டிருந்தார்கள். கப்பல், துறைமுகம், தண்ணீர்மலைத் தைப்பூசம், இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் என்று நாலைந்து பக்கம் எழுதிவிடலாமென்று நல்ல காகிதமாக வாங்கியும் வைத்திருந்தேன். அந்தக் காகிதத்தில் இப்போது எழுதுவது வேறொன்று. என் மகள் கமலத்தின் பெயருக்குக் கோர்ட்டிலிருந்து ஒரு சம்மன் வந்தது. வழக்கு முடிந்து ஒன்பது நாளாகிறது. ஆனாலும் தபால்காரரின் சைக்கிள் எங்கள் வாசலில் வேகம் குறைந்தால் நான் எழுந்து நின்றுவிடுகிறேன்.

கமலத்துக்கு இருபது வயது. பெண்களுக்கான ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் ஆறு மாதமாகத் தற்காலிக உபாத்தியாயினி. வருஷ முடிவில் நிரந்தரமாக்குவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தோம். தினமும் சைக்கிளில் போவாள். பெண் சைக்கிள் விடுவதா என்று நீங்கள் கேட்பீர்கள். என் மனைவி மரகதமும் முதலில் அப்படித்தான் கேட்டாள். ரிக்‌ஷாவுக்குக் காத்து நிற்பதைவிடத் தன் காலை நம்பிப் போவது மேல் என்று நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

அந்த வாரம் சைக்கிளின் மணி கழன்று விழுந்துவிட்டது. திங்கட்கிழமை, "அப்பா, மணி" என்றாள். நாளைக்கு வாங்குகிறேன் என்றேன். செவ்வாய்க்கிழமையும் அதையே சொன்னேன். ஒரு கப்பலின் சரக்குப் பட்டியல் பிசகிப்போய் ஆபீசில் தலைநிமிர முடியாத வாரம் அது. புதன்கிழமை காலை அவள் மணி இல்லாமலே போனாள்.

டத்தோ கிராமட் ரோட்டில் ஒரு சந்திப்பு. அதன் நடுவே போலீஸ்காரர் ஒருவர் நிற்பார். அவர் முதுகில் பிரம்பால் பின்னிய நீண்ட பலகை ஒன்று இரு தோள்களுக்கும் வெளியே இறக்கை போல நீட்டிக்கொண்டிருக்கும். நாள் முழுவதும் கையை நீட்டி நின்றால் வலிக்கும் என்று செய்த ஏற்பாடு. அவருடைய மார்பையோ முதுகையோ பார்த்தபடி வருகிறவர்கள் நிற்க வேண்டும். இறக்கையின் நுனி தெரிகிறவர்கள் போகலாம். கமலத்துக்கு அன்று நுனிதான் தெரிந்தது. இடது ஓரமாகவே போனாள். அவளுக்கு முன்னால் அதே ஓரத்தில் ஒரு மாட்டு வண்டி. மேலே கம்பியில் ஓடும் டிராலி பஸ் ஒன்று எதிரே வந்து படீரென்று பொறி தெறிக்க, மாடு மிரண்டு வண்டியைப் பின்னுக்குத் தள்ளியது. கமலம் சட்டென்று வலப்புறம் ஒடித்து நடு ரோட்டுக்குப் போனாள். அங்கே, தோளில் கம்பு வைத்து இரண்டு பக்கமும் பானை தொங்கவிட்டுக் கடலைக் கஞ்சி விற்கும் ஒரு சீன அம்மாள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். குரல் கொடுப்பதற்குள் இடித்தாயிற்று. பானைகள் உடைந்தன. அந்த அம்மாளின் வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

கமலத்துக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தவள் புடவையில் காய்ந்திருந்த கஞ்சியைக்கூடத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

2

சம்மனில் இரண்டு குற்றங்கள் எழுதியிருந்தன. ஒன்று, மணி இல்லாத சைக்கிளை ஓட்டியது. மற்றொன்று, பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி முரட்டுத்தனமாக ஓட்டியது. இரண்டாவதற்குச் சிறைகூட உண்டு என்பதை என் ஆங்கிலமே எனக்குச் சொல்லிவிட்டது. மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அந்த வார்த்தை அங்கேயே இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை கமலத்தைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். கெட்டவர் அல்ல. "முனிசிபல் விஷயம் என்றால் எனக்குத் தெரிய வேண்டியதே இல்லை. கிரிமினல் குற்றம் என்று தீர்ப்பாகிவிட்டால், உன்னைப் பிள்ளைகள் முன்னால் நிறுத்த என் மேலே உள்ளவர்கள் விட மாட்டார்கள்" என்றாராம். ஆக, என் மகளின் வேலை இருப்பதும் போவதும், எந்தச் சட்டத்தின் கீழ் குற்றவாளி என்பதைப் பொறுத்திருந்தது. எனக்கோ அதுவரை சட்டம் என்றால் ஒன்றே ஒன்றுதான். சர்க்கார் போடுவது, நாம் கீழ்ப்படிவது.

எங்கள் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி அப்துல் காதர் இருக்கிறார். ஒரு வக்கீலின் ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. பினாங்கிலேயே பிறந்தவர், அவருடைய பாட்டனார் நாகூர்ப் பக்கம். இந்த ஊர்க்காரர்கள் பேச்சின் முடிவில் சேர்க்கும் 'லா' அவரிடமும் உண்டு. சாயங்காலம் கடைகளுக்கு முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையில் நாற்காலி போட்டு உட்காருவது அவர் வழக்கம். சம்மனை எடுத்துக்கொண்டு நானும் மரகதமும் போனோம்.

"அண்ணே, உக்காருங்க. அக்கா, நீங்களும். என்ன காகிதம் அது? தூக்குத் தண்டனையா குடுத்துட்டான்?"

"படிச்சுப் பாருங்க தம்பி."

படித்தார். காகிதத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதுல ரெண்டு குத்தம் இருக்கு. ரெண்டும் ரெண்டு இடத்துலேருந்து வந்தது."

"ஒரே போலீஸ்தானே கொடுத்தது?"

"கொண்டு வந்தவன் ஒருத்தன்தான் லா. தபால்காரரும் ஒருத்தர்தான். அவர் கொண்டு வர்ற லெட்டர் எல்லாம் ஒரே வீட்டுலேருந்தா வருது? இங்க பாருங்க. மணி இல்லாததுக்கு இது பைலா."

மரகதம் நிமிர்ந்தாள். "பாய் லாவா? அப்ப உங்க ஆளுங்க போட்ட சட்டமா தம்பி?"

காதர் சிரித்த சிரிப்பில் எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "நாங்க போட்டிருந்தா உங்க மேல கேஸே வராது அக்கா. இது முனிசிபாலிட்டி போடுறது. ஊருக்குள்ள சாக்கடை, மார்க்கெட், நாய் லைசென்சு, சைக்கிள் மணி, விளக்கு. பினாங்கு டவுன் எல்லை தாண்டினா இது செல்லாது. அபராதம் கட்டிட்டு மறந்துடலாம்."

"இன்னொன்று?" என்றேன்.

"அது பீனல் கோட், கிரிமினல் சட்டம். சிங்கப்பூர்ல கவர்னர் சபையில போட்டது, பினாங்கு, மலாக்கா எல்லாத்துக்கும். ஆனா அவங்க உக்காந்து யோசிச்சு எழுதல. இந்தியாவுல எழுதி வெச்சிருந்ததைப் பாத்து எழுதினது. நம்ம ஊர்லேருந்து கப்பல் ஏறி வந்த சரக்கு அண்ணே, உங்களை மாதிரி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இடது பக்கம் போக வேண்டும் என்பது எதில் இருக்கிறது? அதை மீறினாள் என்றுதானே வழக்கு?"

"அங்கதான் விசேஷம். இப்ப கவர்னர் சபை போட்ட ஆர்டினன்ஸ்ல எழுதிட்டாங்க. ஆனா காகிதத்துக்கு முன்னாடியே அது இருக்கு. இங்கிலீஷ்காரன் குதிரை வண்டி ஓட்டின காலத்து வழக்கம். அந்த வழக்கத்தை மீறினதாலேயே முரட்டுத்தனம் ஆயிடாது. ஏன் மீறினேன்னு ஜட்ஜு கேக்கணும். கேக்க வைக்கணும். அதான் நம்ம வேலை."

இறக்கை கட்டிய போலீஸ்காரர் காட்டும் சைகை எதில் சேர்த்தி என்று கேட்டேன். அது எந்தப் புத்தகத்திலும் இல்லையாம். ஆர்டினன்ஸ் போலீஸ் பெரிய துரைக்கு அதிகாரம் கொடுக்கிறது. பெரிய துரை அந்தப் போலீஸ்காரருக்குக் கொடுக்கிறார். "அவன் எந்தப் பக்கம் திரும்புறானோ அதுதான் அந்த நிமிஷத்துச் சட்டம். அவன் சோறு திங்கப் போனா சட்டமும் கூடப் போயிடும்" என்றார் காதர்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொன்னு இருக்கு. அந்தச் சீன அம்மாவோட கை. அதுக்கான சட்டத்தை யாரும் சபை கூட்டிப் போடல. ஜட்ஜுங்க தீர்ப்பு சொல்லிச் சொல்லி உண்டானது, இங்கிலாந்துல. உன்னால அடுத்தவனுக்குக் கேடு வரக் கூடாது, வந்தா நீ பொறுப்புன்னு. அதுல போலீஸ் வர மாட்டான். அந்த அம்மாதான் வரணும், ஒரு வக்கீலோட. அதனால அண்ணே, யாரும் அந்த அம்மாவைப் பாக்கப் போகாதீங்க. பழம் வாங்கிட்டுப் போறது, மன்னிப்புக் கேக்குறது, ஒண்ணும் வேணாம். 'தப்பு எங்க மேலதான்னு அவங்களே வந்து ஒத்துக்கிட்டாங்க'ன்னு எழுதிடுவாங்க. ரெண்டு கேஸுக்கும் ஆபத்து."

3

வீட்டுக்கு வந்து கமலத்திடம் சொன்னேன். அவள் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள். அந்த அம்மாளின் வீடு எந்தச் சந்தில் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள் என்பது, எல்லாம்.

"சனிக்கிழமை போய்ப் பாக்கலாம்னு இருந்தேம்ப்பா."

"போகக் கூடாது."

"கை ஒடிஞ்சவங்களைப் போய்ப் பாக்குறது தப்பா?"

"தப்பு என்று யார் சொன்னது? ஆபத்து என்கிறேன். காதர் சொல்லிவிட்டார்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

நானும் அதையே சொல்கிறேன் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். இங்கே பிறந்த பிள்ளைகள் எதிர்த்துப் பேசுவதில்லை, நீங்கள் நினைப்பது போல. ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். உள்ளேயிருந்து "வெரி வெல்" என்று கேட்டது. அது சம்மதம் அல்ல, கதவு சாத்துகிற சத்தம்.

அன்றிலிருந்து அவள் என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். மரகதம் இரண்டு பக்கமும் தூது போனாள். நான் ஆபீஸ் போகும் வழியில் அந்தச் சந்துக்குள் திரும்பாமல் நேரே போவதற்குப் பழகிக்கொண்டேன்.

4

வண்டிக்காரரைத் தேடிப் போனது நான்தான். பார்த்ததைச் சொல்ல வரச் சொல்லலாம், என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று காதர் எச்சரித்து அனுப்பினார். மாட்டுக் கொட்டகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முனியாண்டி என்று பெயர், ஐம்பது வயதிருக்கும். மாட்டின் குளம்பைத் தூக்கிப் பிடித்துச் சேறு எடுத்துக்கொண்டிருந்தார்.

"கிராணி ஐயா, நான் பாத்ததைத்தான் சொல்லுவேன். பாக்காததைச் சொல்லுன்னா ஆளை விடுங்க."

கிராணி என்பது இங்கே குமாஸ்தாவுக்குப் பெயர். "பார்த்தது போதும்" என்றேன்.

"அந்தப் பொண்ணு எம் மாட்டுக்கு இடம் விட்டுச்சு. இல்லேன்னா வண்டி பின்னால போயி அது மேலேயே ஏறியிருக்கும். அப்புறம் நீங்க வேற காரியத்துக்கு என்னைத் தேடிக்கிட்டு வந்திருப்பீங்க." பிறகு என் முகத்தைப் பார்த்து, "சும்மா சொன்னேன். மூஞ்சி ஏன் அப்படி ஆகுது?" என்றார்.

பேச்சு ஊரைப் பற்றித் திரும்பியது. அவருடைய ஊர் எங்கள் ஊருக்கு மூன்று மைல். எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன்.

"அந்தத் தெருவா." மாட்டின் காலை இறக்கிவிட்டார். "கோயில் கோபுரம் தெரியும். தெரு தெரியாது. எங்க ஆளுங்க அதுல நடக்கக் கூடாதுல்ல."

எங்கள் தெருவில் தேர் வலமாகத்தான் வரும். எதிர்த் திசையில் எந்த வண்டியும் அன்றைக்கு வராது. அதை எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை. பிறந்த குழந்தைக்கும் தெரியும். இன்னாரெல்லாம் அந்தத் தெருவில் கால் வைக்கக் கூடாது என்பதும் அதே போலத்தான். யார் போட்டது, எப்போது போட்டது என்று என் தகப்பனாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. காதர் வழக்கத்தைப் பற்றிச் சொன்னபோது அது எனக்கு நல்ல வார்த்தையாகத்தான் கேட்டிருந்தது.

முனியாண்டியே தொடர்ந்து சொன்னார்: "ஊர்ல எந்தத் தெருவுல போலாம்னு கேட்டுக்கிட்டுப் போவணும். இங்க எந்தப் பக்கம்னு கேட்டாப் போதும். அதனாலதான் இருக்கேன். உக்காருங்க, நின்னுக்கிட்டே இருக்கீங்க."

ஒரு பெட்டியைத் துண்டால் தட்டிப் போட்டார். உட்கார்ந்தேன். கோர்ட்டுக்கு வர ஒப்புக்கொண்டார். அன்றைய கூலி போகுமே என்று நான் ஆரம்பித்ததற்கு, "மாட்டுக்கும் ஒரு நாள் லீவு" என்றார்.

5

கோர்ட்டில் மின்விசிறி சுற்றியது. ஆனாலும் எல்லாரும் வியர்த்துக்கொண்டிருந்தோம். மாஜிஸ்திரேட் நடுவயது வெள்ளைக்காரர். எங்களுக்காக வாதாட வந்த, காதரின் முதலாளியான வக்கீலுக்குத் தமிழ் தெரியாது. காதர் எங்களுக்கு முன் பெஞ்சில், அவர் பின்னால். நானும் மரகதமும் பின் பெஞ்சில். கமலம் குற்றவாளி நிற்கும் இடத்தில், பள்ளிக்கூடத்துக்குப் போகும் அதே வெள்ளைப் புடவையில். கைகளைக் கம்பியில் வைக்காமல் நேராக நின்றாள்.

மணி இருந்ததா என்று கேட்டவுடனே "இல்லை, குற்றம்தான்" என்றாள். இரண்டாவதற்கு "இல்லை" என்றாள்.

போலீஸ்காரர் சாட்சி சொன்னார். தம்முடைய இறக்கை அவளுக்கு வழி காட்டியது உண்மை. ஆனால் அவள் இடது ஓரத்தை விட்டு நடு ரோட்டுக்கு வந்தாள். ஏன் என்று தெரியாது, அவள் தம் முதுகுப்பக்கமாகக் கடக்கையில் நடந்தது, சத்தம் கேட்டுத்தான் திரும்பினாராம். சீன அம்மாள் கழுத்தில் தூளி போட்டுக் கையைத் தொங்கவிட்டபடி வந்தார். மணிச் சத்தம் கேட்கவில்லை என்றார். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. இறங்கிப் போகும்போது கமலத்தை ஒரு தரம் பார்த்தார். அதன் பிறகு என்னையும்.

அடுத்தது முனியாண்டி. எல்லாம் அவரிடம்தான் இருந்தது.

கோர்ட்டின் மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர், படித்தவர், மரியாதையானவர். "அந்தப் பெண் பிள்ளை என்ன செய்தவ? கண்டதை மட்டும் சொல்லும்" என்றார்.

"எம் மாடு மெரண்டு பின்வாங்குச்சுங்க. பொண்ணு பாத்துச்சு. உடனே இடத்தை விட்டுச்சு. விட்டுட்டுத்தான் போச்சு."

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் யோசித்தார். வண்டிக்காரர்கள் இடப்பக்கத்து மாட்டை இடத்து மாடு என்பார்கள், வலப்பக்கத்து மாட்டை வலத்து மாடு என்பார்கள். அது அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததுதான் வினை. மாஜிஸ்திரேட்டைப் பார்த்து, "ஷி லெஃப்ட் த லெஃப்ட்" என்றார். இடது பக்கத்தை விட்டுவிட்டாள் என்று அர்த்தம்.

மாஜிஸ்திரேட்டின் பேனா ஓடியது. எங்கள் வக்கீலின் முதுகு தளர்ந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். நாங்களே கூட்டி வந்த சாட்சி, போலீஸ் சொன்னதையே சொல்லிவிட்டதாக ஆகிவிட்டது.

காதரின் தோளைத் தட்டியிருக்க வேண்டும். அவர் வக்கீலின் காதில் சொல்ல, வக்கீல் எழுந்து முறைப்படி கேட்டிருப்பார். அதெல்லாம் பிறகு தோன்றியது. அந்தச் சமயத்தில் நான் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தேன். "நாட் லெஃப்ட், சார்! ரூம்! ஷி கேவ் ரூம்!" இடது அல்ல, மாட்டுக்கு இடம் கொடுத்தாள் என்று.

கோர்ட்டு முழுவதும் திரும்பியது. சேவகன் என் கையைப் பிடித்தான். இன்னொரு தரம் வாயைத் திறந்தால் என்மேலும் ஒரு வழக்கு வரும் என்றார் மாஜிஸ்திரேட். அது எந்தச் சட்டத்தில் வரும் என்று எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்தேன். மரகதம் என் வேட்டி நுனியை இழுத்துப் பிடித்துக்கொண்டாள், நான் மறுபடி எழுந்துவிடாதபடி.

ஆனால் மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். அந்த ஆள் ஏன் கத்தினார் என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் நேர்மையானவர். அந்தத் தமிழ்ச் சொல்லுக்கு இடது என்றும் பொருள் உண்டு, ஒருவர் நிற்கவோ போகவோ வேண்டிய இடம் என்றும் பொருள் உண்டு, விட்டாள் என்பதும் கைவிட்டாள், கொடுத்தாள் என இரண்டு விதமாகவும் வரும் என்று விளக்கினார். சாட்சி வண்டிக்காரர் ஆகையால் தாம் முதற்பொருளைக் கொண்டதாகவும் சொன்னார்.

"சொல்லால் வேண்டாம். செய்து காட்டச் சொல்" என்றார் மாஜிஸ்திரேட்.

முனியாண்டி கூண்டிலிருந்து இறங்கினார். சுற்றும் முற்றும் பார்த்தார். "நான் மாடு. நீங்க சைக்கிள்னு வெச்சுக்குங்க சாமி" என்று மொழிபெயர்ப்பாளரைக் கையைப் பிடித்துச் சுவர் ஓரமாகத் தமக்குப் பின்னால் நிறுத்தினார். "அந்தச் சுவர்தான் ரோட்டு ஓரம். இப்ப வாங்க. ஓரமாவே வாங்க. பயப்படாதீங்க."

மொழிபெயர்ப்பாளர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு, கறுப்புக் கோட்டோடு, நாலடி நடந்தார். முனியாண்டி "ம்மா" என்று தலையை உதறி வேகமாகப் பின்னால் வந்தார். மொழிபெயர்ப்பாளர் பதறி ஒரே தாவலில் அறையின் நடுப்பக்கம் ஒதுங்கினார்.

"இதைத்தான் அந்தப் பொண்ணும் செஞ்சுது. ஐயா இப்ப இடம் விட்டாரா இல்லியா?"

சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று. மாஜிஸ்திரேட்டும் மீசையைத் துடைத்துக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர் கோட்டைச் சரிசெய்துகொண்டு, தாம் முதலில் சொன்னதும் பிழையல்ல, தாம் இடது பக்கத்தை இப்போது விட்டுவிட்டே நிற்பதாகத் தெரிவித்தார். அதுவும் உண்மைதான். எந்த அர்த்தத்தில் எடுத்தாலும் என் மகள் இடம் விட்டிருந்தாள்.

தீர்ப்பை எழுதிப் படிக்கவில்லை, பேச்சாகவே சொன்னார். இடது பக்கம் போக வேண்டும் என்ற விதி ரோட்டில் போகிறவர்களின் உயிரைக் காக்க ஏற்பட்டது. மிரண்ட மாட்டின்மேல் மோதியாவது விதியைக் காக்க வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. அவள் செய்தது அவசரம். முரட்டுத்தனம் என்று சொல்ல முடியாது. பீனல் கோட் குற்றச்சாட்டுத் தள்ளுபடி. மணி இல்லாதது முனிசிபல் விதிப்படி குற்றம்; அதற்கு அபராதம். மணி இருந்திருந்தால் அந்தப் பெண்மணி விலகியிருக்கக்கூடும் என்பதையும் மிஸ் யோசித்துப் பார்க்க வேண்டும் என்று முடித்தார்.

அவர் அதைக் கமலத்தைப் பார்த்துச் சொன்னார். மணியை வாங்கித் தந்திருக்க வேண்டியவன் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியாது.

6

வெளியே வந்ததும் காதர் என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். "பைலாதான் அண்ணே, வெறும் பைலா! ஸ்கூல்ல ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா இனிமே கோர்ட்டுல கத்துறதா இருந்தா எங்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க, நான் வேற ஊருக்குப் போயிடுறேன்."

மரகதம் அழுதுகொண்டே முனியாண்டியிடம் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கேட்க நேரமில்லாமல் மாட்டுக் கொட்டகை இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கமலத்தைத் தேடினேன்.

அவள் படிக்கட்டின் அடியில் நின்றிருந்தாள். நாலு படி தள்ளி அந்தச் சீன அம்மாள், யாரும் உடன் வராமல், கையைத் தூளியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கமலம் அவரிடம் போகவில்லை. திரும்பி என்னைத்தான் பார்த்தாள். இத்தனை நாளாக என்னைத் தவிர்த்த கண்கள்.

காதரும் பார்த்துவிட்டார். என் சட்டைக் கையைப் பற்றினார். "அண்ணே, வேணாம். இன்னொரு கேஸ் இன்னும் பாக்கி இருக்கு. அந்த அம்மா போடலாம். இன்னைக்கு இவ்வளவு தூரம் வந்து கெடுத்துக்காதீங்க லா."

அவர் சொன்னது அத்தனையும் சரி. அவர் சொல்லி இதுவரை ஒன்றும் தவறியதில்லை. சட்டைக் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு நான் படி இறங்கினேன். கமலம் என் பின்னால் வந்தாள்.

அருகில் போனேன். மலாயில் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஹொக்கியன் சீனத்தில் மளமளவென்று பேச ஆரம்பித்தார். இருபத்தைந்து வருஷத்தில் எனக்கு அந்தப் பாஷை ஒட்டவே இல்லை. கமலத்துக்குத் தெருவில் விளையாடியபோதே வந்துவிட்டது. அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பேசினார். நடுவில் ஒரு தரம் உடைந்த பானைகளைப் பற்றி என்று கையசைப்பில் தெரிந்தது.

"என்னம்மா சொல்கிறார்?"

"'இருபது நாளா ஒருத்தரும் வரலையே, எங்க போயிருந்தீங்க'ன்னு கேக்குறாங்க."

அவ்வளவு நேரம் பேசியது அந்த ஒரு வரிதானா என்று நான் கேட்கவில்லை. "நீ பதில் சொல்லேன்."

"நீங்க சொல்லுங்கப்பா" என்றாள். குரலில் கோபம் இல்லை.

சட்டத்தின் பெயரைச் சொல்லலாம். காதரின் பெயரைச் சொல்லலாம். இரண்டையும் மலாயில் சொல்லும் அளவுக்கு எனக்கு வார்த்தை இல்லை என்பது என் அதிர்ஷ்டம். இருந்ததைச் சொன்னேன். "சாயா தாக்குட்." நான் பயந்துவிட்டேன்.

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக நிறுத்தி நிறுத்தி மலாயிலேயே, "என்ன பயம்? நான் என்ன புலியா?" என்று கேட்டார்.

அவரை வீட்டில் கொண்டுபோய் விட ஒரு ரிக்‌ஷாவைக் கூப்பிட்டோம். கமலம் அவருடன் ஏறிக்கொண்டாள். நான் பின்னால் நடந்து, இருபது நாளாகத் திரும்பாத அந்தச் சந்துக்குள் திரும்பினேன். வீட்டு எண் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எந்த வாசலில் ரிக்‌ஷா நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே போனேன்.